சிவகுருநாதனின் தலை

மூன்று மாதமாகச் சிவகுருநாதன் முடி வெட்டவில்லை. வீம்புதான், வேறென்ன? குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டை மாற்றி நான் வீட்டில் கிடந்த காலம் முழுக்க, அவன் வேறெந்தச் சலூனின் படியும் ஏறவில்லை. எங்கள் ஓர்ஸ் ஹில் பக்கம் கண்டவர்களெல்லாம், "என்ன, சாமியாராப் போகப் போறீங்களோ?" என்று பகிடி பண்ணினார்களாம். "ஸுஹைர் வரட்டும். அவன்ர கையைத் தவிர வேற கை என்ர தலையில படாது" என்று சொல்லித் திரிந்தான். கேட்க எனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

அவனுடைய மகள் பிரியதர்சினிக்குக் கல்யாணம் வந்துவிட்டது. நின்று செய்கிற வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நான் சேர்ட் போடுவதைக் கண்டதும் என் மனைவி றஹ்மா பிடித்துக்கொண்டாள்.

"அவர்ட முடிக்காக உங்கட இடுப்ப உடைக்கப் போறீங்களா? முன்னுக்குக் கிருஷாந்த்ட கடை இருக்குத்தானே?"

அந்தப் பேரைச் சொல்லியிருக்கவே கூடாது. நான் படுக்கையில் கிடந்த நேரம் பார்த்து, துறைமுக வீதியில் என் சலூனுக்கு நேர் எதிரே கடை திறந்தவன் அவன். ஏசி, பெரிய கண்ணாடி, கை முழுக்கப் பச்சை குத்து. "அவனுக்கு முடி வெட்டத் தெரியுமா? மண்ணாங்கட்டி!" என்று கத்திவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

சிவகுருநாதன் எனக்கு முன்னமே வந்து கடை வாசலில் நின்றான். அல்லாஹ்வே, என்ன கோலம்! முடி காதை மூடிச் சேர்ட் கொலரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவன் பார்க்குமுன் என் கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தேன்.

"நிக்க ஏலுமோடா?"

"ஏலாமல்தான் வந்தனானா? இரு கதிரையில."

கல்யாண வேலையில் இரவெல்லாம் நித்திரை இல்லை அவனுக்கு. துணியைப் போர்த்தியதும் குறட்டை விடத் தொடங்கினான். வலது பக்கத்தை நன்றாகவே வெட்டினேன். கத்தரிக்கோல் கையில் ஓடிய ஓட்டத்தில் எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கியது. பிறகு இடது பக்கம் திரும்பினேன். ஒப்பரேசன் செய்த காலில் முழுப் பாரமும் விழுந்தது. வலி இடுப்பிலிருந்து முழங்கால்வரை இறங்க, கால் நடுங்கியது. காலோடு சேர்ந்து கையும் நடுங்கியது. கத்தரிக்கோல் நுனி அவன் காதுக்குப் பக்கத்தில். நிறுத்திவிட்டேன். மறுபடி முயன்றேன். ஏலவில்லை.

அவனை எழுப்பி, மச்சான், என்னால் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்காக ஊர்ச் சிரிப்பெல்லாம் வாங்கியவனிடம் அதை எப்படிச் சொல்ல? பாதித் தலையோடு மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவும் விட ஏலாது.

எதிரே கிருஷாந்த் வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் காட்டினேன். நான் விழப்போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, ஓடி வந்தான். உதட்டில் விரலை வைத்து, என் கத்தரிக்கோலை நீட்டினேன்.

"நாநா, நான் வெட்டுறதா?" என்று மெல்லக் கேட்டான்.

தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவன் வெட்டுவதில் ஒரு பிழை கண்டுபிடிக்க என் கண் அலைந்தது. ஒன்றும் அகப்படவில்லை. நான் வெட்டிய பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, அதே அளவில், அவனை எழுப்பாமல் வெட்டி முடித்தான். கத்தரிக்கோலை என் கையில் திருப்பித் தந்தான்.

"ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன், நாநா" என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். இவனையா இத்தனை நாளும் திட்டினேன் என்று வெட்கமாக இருந்தது.

துணியை உதறிய சத்தத்தில் சிவகுருநாதன் கண் விழித்தான். கண்ணாடியில் தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். முக்கியமாக இடது பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"பாத்தியா மச்சான்! இவ்வளவு நாள் கிடந்தும் உன்ர கை மாறேல்ல. இது வேற ஆருக்கும் வராதடா."

ஒரு குறையாவது சொல்லியிருக்கலாம், பாவி.