மேலத் தெருவில் கடல் நின்ற பதினோரு நாள்

2002 ஆம் ஆண்டு சித்திரை மாதம் பதினோரு நாள் லப்பைக்குடிக்காட்டு மேலத் தெருவில் கடல் நின்றது. ஆழம் ஒன்றரை ஆள். கொண்டுவந்தவர் ஏழாம் வீட்டு ஹஃபீசா. அதற்குப் பயன்பட்டவை லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரும், டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு பழைய மோடமும். அந்த வருடம் மக்காச்சோளம் சுமாராக விளைந்திருந்தது, பருத்தி பரவாயில்லை. கடல் வந்ததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. குன்னம் பக்கம் ஏர் ஓட்டினால் கொழுமுனையில் சிப்பி மாட்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூடை கூடையாகச் சங்கு அள்ளலாம். பல கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போனது ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். வந்த விதம்தான் சொல்லவேண்டியது.

ஹஃபீசாவின் கணவர் மதார் 1996-இல் ஷார்ஜாவுக்குப் போய், ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து, லீவில் ஊர் வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒவ்வொரு பாகமாக ஒரு கம்ப்யூட்டரையே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். கீபோர்டு கம்பளிக்குள் சுருண்டு வந்தது. மானிட்டரை ஒருவர் குழந்தையைப்போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கடைசியாக 2001-இல் பேரீச்சம்பழ டப்பாவுக்குள், போன் லைனில் இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மோடம் வந்து சேர்ந்தது. அதே மாதம் கடைமுதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டான். வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டெல்லாம் உள்ளே இரும்புப் பெட்டியில் மாட்டிக்கொண்டன. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பதினெட்டுப் பேரும் மதாரும் ஒரு கிடங்கின் பின்னறையில் தங்கினார்கள். தெருவில் தலைகாட்ட முடியாது. கடிதம் வந்து சேர ஒரு மாதம் ஆகும். கிடங்கில் இன்டர்நெட் மட்டும் இருந்தது. மதாரின் கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி. ‘மோடத்தை ஓடவை. வேறு வழி இல்லை.’

வந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது. அதை ஏற்றத் தேவையான எண்ணும் பூட்டிய கடைக்குள்ளேயே இருந்தது. ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் சிடி ஒன்றுதான் பெட்டியின் அடியில் கிடந்தது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் மோடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பழசு, லினக்ஸில் இதெல்லாம் பேசாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றார். ஹஃபீசா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். மோடத்தைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “பேச வெச்சுட்டு வந்து சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

லினக்ஸைத் தானே ஏற்றினார். சிடிக்குள்ளேயே மோடம் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று படித்தார். பயறு உடைக்கும்போதும் படித்தார். மோடத்தின் கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்புறம் முதல் துளையில் செருகியிருந்தார். கம்ப்யூட்டரிடம் ஒன்றாம் எண்ணில் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். நாற்பது நாள் பதிலே இல்லை. நாற்பத்தோராம் நாள் படித்த பக்கத்தில், லினக்ஸ் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும், முதலாவதற்கு அங்கே பெயர் பூஜ்யம் என்று இருந்தது. இத்தனை நாளும் ஆளில்லாத பக்கத்து வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறோம் என்று விளங்கியது. எண்ணை மாற்றி, ஏ, டி என்று இரண்டெழுத்து அடித்தார். கீழே ஓ.கே. என்று வந்தது. ஹஃபீசா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அடித்தார். மறுபடியும் ஓ.கே. வந்தது. அன்றைக்கு வீட்டில் காரணம் சொல்லாமல் சேமியா பாயசம் வைத்தார்.

ஆனால் இன்டர்நெட் கம்பெனியின் நம்பரைச் சுழற்றச் சொன்னால், டயல் டோன் இல்லை என்றது மோடம். ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்டது. லைன்மேன் அங்கமுத்துவைக் கூப்பிட்டார். அவர் கம்பம் ஏறி இறங்கி, பெட்டியைத் திறந்து துடைத்து, சோதிக்கும் போனை மாட்டிக் கேட்டார்.

“லைன்ல ஒரு கொறையும் இல்லம்மா. ஒம் மிஷினு வெளியூர்லயே வளந்தது. நம்மூரு டோன் அதுக்கு வெளங்கல.”

“வெளங்காட்டி என்னண்ணே பண்றது?”

“நான் மனுசங்க பேசுற லைனத்தான் பாத்திருக்கேன். மத்தத நீதான் படிச்சு சொல்லணும்.”

படித்துத்தான் கண்டுபிடித்தார். எக்ஸ் என்ற எழுத்தும் மூன்று என்ற எண்ணும் சேர்ந்தால் ஒரு கட்டளை. டோனுக்காகக் காத்திருக்காதே, நேராகக் கூப்பிடு என்று அதற்குப் பொருள். ஆறு வருடம் காத்திருந்த வீட்டில் அந்த இரண்டையும் அடித்துவிட்டு ஹஃபீசா எழுந்து நின்றுகொண்டார். மோடம் கொதிக்கிற எண்ணெயில் நீர் தெறித்ததுபோலச் சீறியது, சீவாளி சரியில்லாத நாயனம்போல இழுத்தது, பிறகு அமைதியானது. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் ஊரை ஒட்டி வறண்டு கிடந்த வெள்ளாற்று மணலுக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறி, ஆற்றை நிறைத்து, கரை ஏறி மேலத் தெருவுக்குள் கணுக்கால் அளவு வந்தது. ஆனால் எந்த வீட்டின் நிலைப்படியையும் தாண்டவில்லை. வாசலில் வந்து, உள்ளே கூப்பிடாத விருந்தாளிபோல நின்றது. நாலு நிமிடத்தில் லைன் கட்டானது. பால் பொங்குகிற நேரத்துக்குள் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. தெருவில் நண்டும் சிப்பியும் கிடந்தன. வயலில் கிடைக்கிற அதே சிப்பிதான், இவை மட்டும் உயிரோடு வாயைத் திறந்து மூடின.

தெருக்கோடியில் வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறை போட்டிருந்த பொன்னம்மாள்தான் முதலில் வந்து நின்றார். அவருடைய அப்பா அம்மா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம். இப்போது சுற்றுவட்டாரச் சின்ன வெங்காயத்தில் பாதி அவர் கை வழியாகத்தான் போகும். நிலைப்படி உள்ள வீடுகள் தப்பித்தன. பட்டறைக்குக் கம்பும் ஓலையும்தான், நிலைப்படி ஏது.

“ஏம்மா ஹஃபீசா, ஒம் மிஷினு கத்துனா எம் வெங்காயம் நனையுது. இதுக்கு என்ன சொல்ற?”

“மன்னிச்சுக்கங்கக்கா. அவுங்க அங்க மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இந்த லைனு ஒண்ணுதான் இருக்கு.”

“மதாரு தம்பியா?”

“அவுங்களோட பதினெட்டுப் பேரு.”

பொன்னம்மாள் நனைந்த வெங்காயம் ஒன்றைத் துடைத்து மடியில் போட்டுக்கொண்டார். “அப்ப வூட்டுக்குள்ள எடம் குடு. மூட்டையத் தூக்கியாறேன்.” அன்று சாயங்காலத்துக்குள் பட்டறை வெங்காயம் முழுக்க மேலத் தெரு வீடுகளின் கூடத்திலும் கட்டிலடியிலும் ஏறிவிட்டது. பிறகு பல மாதம் அந்தத் தெருவில் எந்த வீட்டு நெய்ச்சோற்றிலும் வெங்காய மணம் தூக்கலாக இருந்தது.

மறுநாள் ஹஃபீசா மதாருக்கு மெயில் அனுப்பினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி, லைன் போட்டால் தெருவில் கடல் வருகிறது என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்தார். மதார் நலம் விசாரிக்கவில்லை. எவ்வளவு ஆழம் என்று ஒரே கேள்வி கேட்டார். ஹஃபீசா மூங்கில் கழியால் அளந்தார். ஒரு மணி நேரம் லைன் நின்றால் முழங்கால், ஒரு பகல் நின்றால் ஓர் ஆள், இரண்டு நாளில் ஒன்றரை ஆள், அதற்குமேல் ஏறாது. இதை எழுதியதும் பதில் நீளமாக வந்தது. பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் அங்கே லாஞ்சு என்கிற சரக்குப் படகு வைத்திருக்கிறார். பத்தொன்பது பேரையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதம்தான். ஆனால் பாஸ்போர்ட் இல்லாதவர்களை எந்தத் துறைமுகத்திலும் இறக்க முடியாது. துறைமுகமில்லாத ஒரு கரை வேண்டும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில்தான் கடலில் சேர்கிறது. அந்த ஆற்றில் தண்ணீர் இருந்தால் லாஞ்சு நேராக ஊருக்கே வந்துவிடும். ‘சித்திரை ஐந்தாம் தேதி லைன் போடு. நாங்கள் வந்து சேரும்வரை கட்டாகக் கூடாது. கட்டானால் நடு ஆற்றில் தரை தட்டி நிற்போம். நடுக்கடலில் மெயில் கிடையாது. இனி நேரில்தான்.’

சித்திரை ஐந்து காலையில் ஹஃபீசா லைன் போட்டார். திருமாந்துறையோடு பஸ் நின்றுகொண்டது. ஊருக்குள் வாழைத்தண்டுத் தெப்பம் ஓடியது. மேலத் தெருவில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பலகை போட்டு நடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பாரை மீன் கூட்டமாகப் போனது. கரண்ட் போகும்போதெல்லாம் ஊர் டிராக்டர்களின் பேட்டரிகளை வரிசையாக இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். முதல் பேட்டரி பொன்னம்மாளுடையது. ஹஃபீசா அந்த அறையிலேயே தொழுதார், அங்கேயே சாப்பிட்டார், விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தூங்கும் நேரத்தில் பொன்னம்மாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

லைன் போட்ட ஐந்தாம் நாள் வரவேண்டிய லாஞ்சு வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. ஏழாம் நாள் சிலர் மாடி வழியாக வந்து, மாடுகளுக்குத் தீவனம் கொண்டுவர முடியவில்லை, அவர்கள் கிளம்பினார்களோ என்னவோ, லைனை எடுத்துவிடலாமே என்று பக்குவமாகச் சொன்னார்கள். பொன்னம்மாள் பதில் சொன்னார்.

“ஆரும் பேசாதுன்னு சொன்ன மிஷின இந்தப் புள்ள பேச வெச்சிருக்கு. கடலே வந்து வாசல்ல நிக்குது. இதுக்கு மேல ஆளுவ வர்றதா பெருசு? தீவனத்துக்கு நான் தெப்பம் அனுப்புறேன்.”

எட்டாம் நாள் காலை உப்புக்காற்றில் இற்றுப்போன ஒரு கம்பம் சாய்ந்தது. ஒயர் அறுந்த அதே நொடியில் அங்கமுத்து பக்கத்து வீட்டுச் சுவரில் சாத்திய ஏணியில்தான் இருந்தார். மூன்று நாளாக அந்தக் கம்பத்தின்மேல் அவருக்குச் சந்தேகம். அறுந்த இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டார். மோடத்தின் விளக்கு ஒருதரம் சிமிட்டிவிட்டு நிலைத்தது. பெரம்பலூரிலிருந்து வேறு ஒயர் தெப்பத்தில் வந்து சேர மாலை நாலு மணி ஆனது. அதுவரை இன்டர்நெட் அவர் உடம்பு வழியாகப் போய்வந்தது. பசிக்கவில்லை என்றும், காதுக்குள் மட்டும் யாரோ விடாமல் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னார். அன்று முதல் அவருக்கு இங்கிலீஷ் படிக்க வந்தது. தன் வழியாகப் போன மெயில்களில் என்ன இருந்தது என்று மட்டும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில், பாங்கு சொல்லும் மேடையிலிருந்து பார்த்தவர்கள் கை காட்டினார்கள். பச்சை வெள்ளைச் சாயம் அடித்த லாஞ்சு வெள்ளாற்றிலிருந்து திரும்பி மேலத் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கத்து மாடிச் சுவர்களிலும் உரசாமல் மெதுவாக வந்து, ஏழாம் வீட்டு மொட்டை மாடியை அணைந்து நின்றது. பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு பையோடு மாடியில் இறங்கினார்கள். இலங்கையைச் சுற்றும்போது எதிர்க்காற்றில் நாலு நாள் போய்விட்டதாம். மதார் படியிறங்கி அறைக்குள் வந்தார். ஹஃபீசா எழுந்திருக்கவில்லை, கை மேசைமேலேயே இருந்தது. மதார் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு மோடத்தைப் பார்த்தார், பிறகு திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளைக் குனிந்து படித்தார். ரிப்பேர் கடையில் ஐந்து வருடம் இருந்தவர் அவர்.

“இத ஆரு செட் பண்ணுனது?”

“நான்தான்.”

“எங்க கடைல மூணு பேரு உக்காந்தோம் ஹஃபீசா. இந்த மோடம் லினக்ஸ்ல ஓடவே மாட்டேன்னுச்சு. அதான் ஊருக்குக் குடுத்தனுப்புனேன்.”

“அத முன்னாடியே சொல்லாததும் நல்லதாப் போச்சு மச்சான்” என்றார் ஹஃபீசா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது.

ஊரே மாடியில் சோறு பரிமாறியது. வந்தவர்கள் வந்தாயிற்று, இனி லைனை எடுக்கலாம் என்றார்கள். ஹஃபீசா மறுத்துவிட்டார். “கொண்டாந்து விட்டவரு ஊரு போய்ச் சேர வேணாமா?” லாஞ்சுக்காரர் மறுநாள் கிளம்பினார். பதினோராம் நாள் பகலில் ஜமாஅத் ஆபீஸ் போனுக்கு, பரங்கிப்பேட்டை வந்துவிட்டேன் என்று தகவல் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஹஃபீசா லைனைத் துண்டித்தார். பால் பொங்குகிற நேரத்தில் தெரு தெருவாகிவிட்டது. பொன்னம்மாள் முதல் வேலையாக மூட்டைகளை இறக்க ஆள் கூப்பிட்டார்.

பிறகு வந்த வருடங்களில் குன்னம், செந்துறை, அரியலூர் என்று எங்கெங்கோ இருந்து மோடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஹஃபீசாவைத் தேடி வந்தார்கள். பெரம்பலூர் சென்டர்காரரும் இரண்டு கொண்டுவந்தார். எல்லாவற்றையும் பேசவைத்தார். செந்துறையில் ஒரு வீட்டில் மட்டும் கணுக்கால் அளவு கடல் வந்தது, அவர்கள் அதில் துணி அலசிக்கொண்டார்கள். மதார் மனைவியோடு சேர்ந்து கடை போட்டார். பெயர்ப்பலகையில் ஹஃபீசாவின் பெயரைத்தான் எழுதச் சொன்னார்.

2007-இல் இருவரும் மக்காவுக்கு உம்ரா போக நினைத்தார்கள். மதாருக்குப் புதுப் பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. திருச்சி அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த அம்மா படிவத்தைப் படித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். கடைசியாக எந்தத் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வந்தீர்கள் என்ற கேள்விக்கு லப்பைக்குடிக்காடு என்று எழுதியிருந்தது. அச்சடித்த பட்டியலை எடுத்து விரலை வைத்துத் தேடினார். இல்லை.

“அந்த ஊர்ல கடல் இருக்குதுங்களா?”

“பதினோரு நாளு இருந்துச்சுங்கம்மா” என்றார் மதார்.

“அப்ப துறைமுகத்துக்குப் பொறுப்பு யாரு?”

மதார் பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். ஹஃபீசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அந்த அம்மா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டியலில் கடைசித் துறைமுகத்துக்குக் கீழே இடம் விட்டு ஊரின் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார். லகரம் எது என்று கேட்டுத் திருத்திக்கொண்டார். பிறகு படிவத்தில் முத்திரை வைத்துவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.