திரும்பி வரும்போது பார்க்கிறேன்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊர்க் கடைவீதியில் நன்கொடை கேட்டவர்களிடம் "திரும்பி வரும்போது பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை முதல் திரும்பி வர முடியாமல் போனார்கள். அன்று வெயில் முப்பத்தொரு டிகிரி, தக்காளி கிலோ ஆறு டாலர். வீதியின் கோடியிலிருந்த மருந்துக்கடை வரைக்கும் எல்லோரும் நன்றாகத்தான் நடந்தார்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும், எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், டாக்சியே பிடித்தாலும், பத்தாவது நிமிடம் அதே மருந்துக்கடை வாசலில் வந்து நின்றார்கள். ஒரே நாளில் நாற்பத்தொரு பேர்.

இந்த ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் அல்ல. காட்டுத்தீ வருடத்தில் இவர்கள் கொடுத்த போர்வைகளை அடுக்க இடம் போதாமல் நீச்சல்குளத்தை வற்ற வைத்தார்கள். இவர்களுக்கு எரிச்சல் நன்கொடை கேட்டு நிற்கும் அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் மேல்தான். நெஞ்சில் தொண்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், சம்பளம் கொடுப்பது நடுவில் நிற்கும் ஏதோ ஒரு ஏஜென்சி. சில்லறையை நீட்டினால் தொடமாட்டார்கள். மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி கையெழுத்துத்தான் வேண்டும். வழியை மறிப்பார்கள், உங்கள் நாயின் பெயரைக் கேட்பார்கள், தொப்பி பிரமாதம் என்பார்கள். முகத்துக்கு நேராக மறுக்க வாய் வராத ஊர் இது. அதனால் பொய் சொல்லிப் பழகிவிட்டது.

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிளெனிஸ் பென்ரோஸ், ஓடி வருகிறவர்களுக்காகப் பஸ்ஸை நிறுத்தி நிறுத்தியே பெயர் வாங்கியவள். அன்று கணவன் கீத்துக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள். அயர்லாந்திலிருந்து ஊர் சுற்ற வந்து, கைச்செலவுக்காக இந்த வேலையில் சேர்ந்திருந்த டெக்லன் குறுக்கே வந்தான்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம்."

"அக்காவா? எனக்கு அறுபத்தேழு வயசுப்பா."

"பாத்தா தெரியலையேக்கா. கடலாமைய காப்பாத்தணும்க்கா."

கடலே இல்லாத ஊரில் நின்று ஆமைக்குக் கேட்கிறானே என்று பாவம் பார்த்து, கிளெனிஸ் இரண்டு டாலர் நாணயத்தை எடுத்தாள்.

"காசு வாங்கக் கூடாதுக்கா. கையெழுத்து மட்டும்தான்."

"அப்ப திரும்பி வரும்போது பாக்குறேன்" என்றாள். அவளும் மாட்டிக்கொண்டாள்.

டெக்லன் அப்படி எதுவும் சொல்லாதவன், அதனால் அவன் போக்குவரத்துக்குத் தடையில்லை. படிவங்களோடு மருந்துக்கடைக்கே வந்தான். கையெழுத்துப் போட்டவர்களுக்கு வழி உடனே திறந்தது. வியாழக்கிழமைக்குள் நாற்பது பேர் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். கிளெனிஸ் மட்டும் அசையவில்லை. "ஆமை நேர்ல வந்து கேக்கட்டும், குடுக்குறேன். நடுவுல நிக்கிறவனுக்கு எதுக்கு?" என்று மருந்துக்கடைக்காரரிடம் பொரிந்தாள். ஆனால் டெக்லன் சிரித்துக்கொண்டு வந்து நிற்கும்போதெல்லாம் "நாளைக்குப் பாக்கலாம்பா" என்றுதான் வாயில் வந்தது. அப்படிச் சொன்ன ஒவ்வொரு 'நாளைக்கு'ம் அவளை இன்னொரு நாள் பிடித்து வைத்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பெஞ்சில் படுத்துக்கொண்டாள்.

மாத்திரையைக் கடைக்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சிக்கல் சாப்பாட்டில் இருந்தது. போன வருடம் வந்த பக்கவாதம் கீத்தின் வலது காலைத் தளர்த்திவிட்டு, ஒரே ஒரு சொல்லைத் தவிர மற்றதை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த சொல், மாட்டேன். வேண்டும் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்பது கிளெனிஸுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டு மெர்ல் தினமும் பூசணி சூப் கொண்டுவந்தாள்.

"சூப் குடிக்கிறியா கீத்?"

"மாட்டேன்."

"சரி, உன் இஷ்டம்" என்று ஆவி பறக்கத் திருப்பி எடுத்துப் போனாள்.

கிளெனிஸ் போனில் கெஞ்சினாள். மெர்ல் கேட்கவில்லை. "ஒரு மனுஷன் மாட்டேன்னு சொன்னா அதுக்கு மரியாதை குடுக்கணும் கிளெனிஸ்" என்றாள். பிறகு போனைக் கீத்தின் காதில் வைத்தாள். அவன் சொன்ன மாட்டேன் பசித்த மாட்டேன். கிளெனிஸ் பற்பசை அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை தோற்றுவிடுவது என்று தீர்மானித்து, டெக்லனிடம் பேனாவை வாங்கினாள். பெயரில் பாதி எழுதியிருப்பாள். ஒரு வருடமாகத் தபால்பெட்டியைத் தாண்டாத கீத், பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கடைவீதியில் வந்துகொண்டிருந்தான். கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆரஞ்சுச் சட்டைப் பழக்கம், டெக்லன் அவனையும் மறித்தான்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிஷம். கடலாமைக்கு ஏதாவது செய்வீங்களா?"

கீத் நின்று மூச்சு வாங்கினான். படிவத்தில் இருந்த ஆமையை வெகுநேரம் பார்த்தான்.

"மாட்டேன்" என்றான்.

வேலைக்குச் சேர்ந்த ஆறு வாரத்தில் டெக்லனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "சரிண்ணே, நன்றி" என்று ஒதுங்கி வழிவிட்டான். கீத்துக்குப் பின்னால் வீதி வளையாமல் நெளியாமல் வீடு வரைக்கும் கிடந்தது. கிளெனிஸ் அதைப் பார்த்தாள், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள், இரண்டாகக் கிழித்தாள்.

"மாட்டேன்" என்றாள். முதல் தடவை குரல் நடுங்கியது. அதனால் இன்னொரு தடவை சொன்னாள். அது நடுங்கவில்லை.

"இத செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமேக்கா."

"எனக்குச் சொல்லத் தெரியலப்பா."

இருவரும் மெதுவாக நடந்து பகல் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்தார்கள். டெக்லன் மழைக்காலத்துக்கு முன் பெர்த்துக்குப் போய்விட்டான். கையெழுத்துப் போட்ட நாற்பது பேரும் இன்னமும் ஆமைக்குக் கட்டுகிறார்கள். நிறுத்துவதென்றால் போன் செய்து வேண்டாமென்று சொல்ல வேண்டும். மற்றபடி ஊர் மாட்டேன் சொல்லப் பழகிக்கொண்டது. கேட்கிறவர்களும் நன்றி சொல்லி ஒதுங்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் எப்போதாவது மாட்டிக்கொண்டால், மருந்துக்கடைக்காரர் டீ போட்டுக் கொடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருகிறார்.

கீத் அன்று ஆமையைப் பார்த்துச் சொன்னது சம்மதம். அது கிளெனிஸுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.