மூன்று பெட்டைகள்

முழங்கால்மேல் இருந்த கைபேசி மறுபடி அதிர்ந்தது. கோரா, பறவைகளை மறைந்திருந்து பார்க்கும் பலகைக்கூண்டின் ஓட்டை வழியே எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொரு புல்வெளிக்கோழிச் சேவல்கள், கழுத்துப் பைகளை ஆரஞ்சுப் பழமாக ஊதிக்கொண்டு, காலால் தரையைத் தட்டி, ஒன்றையொன்று முறைத்தன. பார்க்கத்தான் பெட்டை இல்லை.

அவள் அப்பா ஹார்லன்தான் போன வசந்தத்தில் இவற்றைப் பெட்டைகளோடு நெப்ராஸ்காவிலிருந்து கொண்டுவந்து இந்த வேட்டைநிலத்தில் விட்டவர். பெட்டைகள் ஒரே வாரத்தில் சிதறிவிட்டன. இலையுதிர்காலத்தில் அவர் நோயில் படுத்துவிட, நிலத்தின் பொறுப்பு மகளுக்கு வந்தது. இந்த முறையும் பெட்டை வராவிட்டால் சேவல்கள் ஆடும் இந்தக் களத்தை உழுது, ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டைக்காகத் தீனிப்பயிர் போடுவதென்று முடிவாகியிருந்தது. வேட்டைக்காரர்கள் சார்பில் சாட்சி பார்க்க வந்த கிழவர் மெர்ல், ஒரு வருடமாக ‘ஹார்லனோட டான்ஸ் கோழி’ என்று ஊரெல்லாம் கிண்டலடித்தவர், இப்போது கால் மரத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

விடியுமுன் கூண்டுக்குள் நுழைந்தால், பறவைகள் தாமாகப் போகும்வரை கதவைத் திறக்கக்கூடாது. ஹார்லன் போட்ட சட்டம் அது. ஒருமுறை மிரண்ட பெட்டை திரும்ப வருமென்று யாரும் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்று அம்மா செய்தி அனுப்பியிருந்தாள். வீடு பத்து நிமிடத் தூரம். கோராவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அப்போது புல்லை விலக்கிக்கொண்டு பழுப்பாக ஒன்று நடந்து வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. சேவல்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கோராவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மெர்ல் அவள் காதருகே குனிந்தார். “நீ போம்மா. கோழி போனா போவட்டும். அப்பன் ஒருத்தன்தான்.”

அவள் தாழ்ப்பாளை விட்டுவிட்டு அம்மாவை அழைத்தாள். “போனை அப்பா காதுல வைம்மா.” பிறகு கிசுகிசுத்தாள். “அப்பா, பெட்டை வந்துடுச்சு. மூணு.” கைபேசியை ஓட்டைக்கு நேரே பிடித்தாள். களம் முழுக்கச் சேவல்களின் ஊங்காரம். ஒரு பெட்டை நடுவில் போய் சேவலுக்கு இணங்கி இறக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்தது.

திரும்பக் காதில் வைத்தபோது அம்மா பேசினாள். “கேட்டுச்சுடி அவருக்கு. ‘கதவத் தொறந்துடாதே’ன்னாரு.” பிறகு அம்மா அவரைக் கூப்பிடுவது கேட்டது. “அவ்ளோதான் கோரா. போயிட்டாரு.”

கோரா முஷ்டியை வாயில் வைத்துக் கடித்தாள். மெர்லுக்குப் புரிந்துவிட்டது. பறவைகள் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். ஒரு சேவல் கூண்டின் கூரைமேல் தாவி ஏறி, தடதடவென்று காலைத் தட்ட ஆரம்பித்தது. பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டியது. மெர்ல் தன் தொப்பியைக் கழற்றி, சத்தமில்லாமல் அவள் தலையில் வைத்தார்.