பீட்ரூட் கிண்ணமும் பச்சைக் கோட்டுகளும்

கலிஃபோர்னியாக்காரர்கள் ரோஜாவின் பேரில் புத்தாண்டன்று கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்துக் கிண்ணப் போட்டி நடத்தலாம் என்றால், நெப்ராஸ்காவின் வில்லோ ஃபோர்க்கில் பீட்ரூட்டின் பேரில் ஏன் நடத்தக் கூடாது? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தீவனக் கடை ஏமோஸ் ஹெர்காட் இப்படிக் கேட்டார். ஊரில் பதில் சொன்னது அவர் மனைவி வெர்னா மட்டும்தான்.

"அங்க ஜனவரியில வெயில் அடிக்கும் ஏமோஸ். இங்க மூக்கு உறையும்."

கிண்ணம் என்றால் கமிட்டி வேண்டும். கமிட்டி என்றால் ஒரே நிறத்தில் கோட்டு வேண்டும். நன்கொடை தந்தவர்களுக்குப் பச்சைக் கோட்டும், மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே இலவச இருக்கையும் கிடைத்தன. பல் டாக்டருக்குக் கிடைத்ததைப் பார்த்துச் சவப்பெட்டிக் கடைக்காரர் கேட்டார். அவரைப் பார்த்துப் பாதிரியார் கேட்டார். மூன்றாம் வருடம் ஊரில் கமிட்டியில் இல்லாத பெரியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த வருடம்தான் விளையாட்டுச் சங்கத்திலிருந்து கட்லிஃப் என்பவர் வந்தார். டிக்கெட் வாங்கிய கூட்டத்தை அவர் கண்ணால் பார்த்தால்தான் அடுத்த வருடத்துக்கு அனுமதி. இந்தக் கிண்ணம் வந்த பிறகுதான் வில்லோ ஃபோர்க்கின் பெயர் வானொலியில் வந்தது. கூடவே ஏமோஸின் பெயரும்.

இடைவேளையில், பீட்ரூட் கிரீடத்தின் கனத்தில் போட்டிக்கெனத் தேர்ந்தெடுத்த அழகுராணி கழுத்தைச் சாய்த்து நடந்துகொண்டிருந்தபோது, ஏமோஸ் டிக்கெட் வாங்கியவர்கள் உட்காரும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். காலிப் பலகைகள். நடுவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெர்னா. கட்லிஃப் காப்பி குடிக்கப் போயிருந்தார்.

ஏமோஸ் கமிட்டியிடம் ஓடினார். "எல்லாரும் கோட்டைக் கழட்டிட்டு அந்தப் பக்கம் போய் உக்காருங்கப்பா! சீக்கிரம்!"

"இந்தக் குளிர்லயா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் பல் டாக்டர்.

"கோட்டைக் கழட்டினா நான் வெறும் சவப்பெட்டிக்காரன்தானே?" என்றார் மற்றவர்.

"அப்ப இந்தக் கிண்ணம் செத்துப்போகும். அதுக்கும் நீதான் பெட்டி செய்யணும்!"

நண்பனுக்காக எல்லோரும் எழுந்து போனார்கள். கோட்டோடு.

காப்பிக் கோப்பையுடன் திரும்பிய கட்லிஃப், ஒரு பக்கப் பச்சை மறுபக்கத்துக்கு மாறியிருப்பதை நிதானமாகப் பார்த்தார்.

"மிஸ்டர் ஹெர்காட், இந்த ஊர்ல கமிட்டியில இல்லாதவங்க யாராவது இருக்காங்களா?"

பொய் சொல்ல ஏமோஸ் வாயைத் திறந்தார். உண்மைதான் வந்தது. "என் மனைவி இருக்கா சார்," என்றார்.

கட்லிஃப் சிரிக்கவில்லை. கைகொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

ஏமோஸ் மெல்ல நடந்துபோய் வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கம்பளியில் பாதியைத் தந்தாள். கீழே சேறும் பனியும் அப்பிய பையன்கள் தலைக்கவசம் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று பேரை இழுத்துக்கொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஏமோஸ் தன்னை அறியாமல் எழுந்து கத்தினார். மூன்று வருடமாக விருந்தினருக்குக் கைகொடுத்துக்கொண்டே இருந்ததில், ஆட்டத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"யாரு ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"இப்ப யாருக்காகக் கத்தினியோ, அவனோட எதிர் டீம்," என்றாள் வெர்னா. "உக்காரு. மறைக்குது."