தர்பாரில் ஒரு குழி

ஐயம்பேட்டையில் இருக்கும் அந்த வீட்டுக்கு வயது நூற்றைம்பது இருக்கும். வீரபாகு அதை வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பாக்கி வருடங்களை அவர் ஒரு ஜமீனைப் போட்டு நிரப்பியிருந்தார்.

கூரத்தில் அப்பா உழுத நெல் நிலத்தை மனை போட்டு விற்றவர் அவர். அந்த ஊரில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில் தன் முப்பாட்டன் பெயர் இருக்கிறது என்பார். எந்த வரி என்று கேட்டால், தேய்ந்துபோன வரி என்பார். வீட்டின் பின்கட்டில் சிமெண்டில் இரண்டு சிங்க முகம் வைத்த வளைவு கட்டி, அரியணை அறை என்று பெயரும் சூட்டியாயிற்று. இனி வேண்டியது வாசலில் ஒரு பித்தளைப் பலகை, 'பாரம்பரியக் கட்டடம்' என்று. அப்படிப்பட்ட கட்டடங்களைப் பட்டியலிடும் அரசுக் குழுவுக்கு மனு போட்டார்.

அவர் மனைவி ரேவதிக்கு வேண்டியது வீட்டுக்குள் ஒரு குளியலறை. இருப்பது கொல்லைக் கோடியில். தேய்ந்த முழங்காலோடு ஏழு படி இறங்கி ஏற வேண்டும். கொத்தனார் வந்து அளவெடுத்தபோது, பலகை வந்தால் ஒரு செங்கல்லை அசைக்கக் கூடாது என்று வீரபாகு திருப்பி அனுப்பிவிட்டார்.

"ராஜா காலத்துல வூட்டுக்குள்ள பாத்ரூம் இருந்துச்சா?"

"ராஜா பொண்டாட்டிய பல்லக்குல தூக்கிக்கினு போனாங்க. நீங்க தூக்குவீங்களா?" என்றார் ரேவதி.

பட்டியல் குழுவிலிருந்து கட்டட வல்லுநர் தேவிப்ரியா, அளவு நாடாவோடு ஒரு காலையில் வந்தார்.

"இது தர்பார் மண்டபம் மேடம். நாப்பது அடி. நடுவுல ஒரு தூண் கெடையாது. யானை திரும்பணும்ல," என்றார் வீரபாகு.

தேவிப்ரியா வாசற்கதவைப் பார்த்தார். வீரபாகுவே அதில் பக்கவாட்டில்தான் நுழைந்திருந்தார்.

"உத்தரத்துல நாலு கொக்கி எதுக்கு சார், ஒரே எடத்துல?"

"சரவிளக்கு. பெரிய விளக்கு."

"ஜன்னல் ஏன் முழங்கால் உயரத்துல இருக்குது?"

"ஜமீனப் பாக்க வர்ற குடியானவன் குனிஞ்சிதான் பாக்கணும். மரியாதை." இதைச் சொல்லும்போது அவர் கூரம் இருக்கும் திசையைப் பார்க்கவில்லை.

தேவிப்ரியா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பேனா ஓடிய வேகத்தைப் பார்த்த ரேவதிக்குக் கொல்லைப் படிகள் கண்ணில் வந்து நின்றன. நேராகப் போய் ஜன்னலோரக் கம்பளத்தை இழுத்துப் போட்டார்.

"இங்க தட்டிப் பாருமா."

கிரானைட் தரை டொக்கென்றது.

"உள்ள குழி. தறிக்குழி. நாங்க வாங்கறப்ப ஒருத்தரு அதுல கால விட்டு உக்காந்து பட்டு நெய்ஞ்சிக்கினு இருந்தாரு. இவரு பலகை வெச்சி மூடி, மேல கிரானைட் போட்டுட்டாரு. இது நெசவுக்காரங்க வூடுமா. அரமனையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ரேவதி, உள்ள போய் காபி போடு," என்றார் வீரபாகு.

தேவிப்ரியா தரையில் உட்கார்ந்தார். முழங்கால் உயர ஜன்னலின் வெளிச்சம் சரியாக மடியில் விழுந்தது. தலைக்கு மேலே, தறியில் டிசைன் போடும் பெட்டியைத் தொங்கவிட நான்கு கொக்கி. எதிரே, பாவு நூலை நீட்டிக் கட்ட நாற்பது அடி.

"அரமனைன்னு வாரத்துக்கு ரெண்டு மனு வருது சார். நெசவு வீடு இவ்ளோ முழுசா நான் பாத்ததே இல்ல. முதல் தரத்துல சேக்கணும்."

ரேவதி கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "அப்போ பாத்ரூம்?"

தேவிப்ரியா பின்கட்டுக்குப் போனார். "இந்தச் சிங்கம் எப்ப வந்துச்சு?"

"ஆதி காலத்துல," என்றார் வீரபாகு.

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல. தினேஷ் கொத்தனாரு வெச்சாரு," என்றார் ரேவதி.

"அப்ப இது புதுசா சேத்தது, இடிச்சாகணும். பழைய சுவத்தத் தொடாம, இந்த எடத்துல பாத்ரூம் கட்டிக்குங்க. பிளான் மட்டும் குடுங்க."

ஆறு மாதத்தில் பலகை வந்தது: 'நெசவாளர் வீடு'. கிரானைட்டைப் பெயர்த்துக் குழியைத் திறந்தார்கள். பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீரபாகுவின் ஜமீன் ஒரே வாரத்தில் தொழில் மாறியது.

"எங்க முப்பாட்டன் இந்தக் குழியிலதான் நெய்ஞ்சாரு. பல்லவ ராஜாவுக்கே வேட்டி குடுத்த கை."

"எப்படி உக்காருவாங்கன்னு காட்டுங்க சார்," என்றார் படமெடுக்க வந்த ஒருவர்.

வீரபாகு இறங்கினார். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, தொந்தி நின்றுவிட்டது. அவர் சிரித்தபடியே மூன்று படம் எடுக்கவிட்டு, பிறகு மெதுவாக மனைவியைக் கூப்பிட்டார்.

பின்கட்டில், அரியணை அறை இருந்த இடத்தில், தண்ணீர் விழும் சத்தம்.

"கொஞ்சம் இருங்க," என்றது உள்ளேயிருந்து குரல். "குளிச்சிக்கினு இருக்கேன்."