பிரியாத பால்

கிள்ளானில் நாச்சியப்பன் சாரின் தேங்காய்ப் பால் கம்பெனியில் எனக்கு ஒரே வேலைதான்: பாட்டிலில் பால் பிரியக் கூடாது. கடைக்குப் போவதற்குள் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று நின்றுவிடும். சரக்கெல்லாம் திரும்பி வந்தது.

பாமாயில் எடுத்தபின் மிஞ்சும் செம்பனைக் குலை நாரை வேகவைத்து, வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத இழையாகும்வரை மிஷினில் அடித்துக் கூழாக்கினேன். செல்லுலோஸ். பாலில் கொஞ்சம் சேர்த்தால் போதும், ஒவ்வொரு எண்ணெய்த் துளியைச் சுற்றியும் அந்த இழைகள் வேலி கட்டிவிடும்; துளிகள் ஒன்றோடொன்று சேர முடியாது. ஒரு மாதம் சார் மேசையில் நின்ற பாட்டில் கடைசிவரை ஒரே வெள்ளையாக இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் எந்தச் சரக்கும் சாரின் மனைவி அழகம்மை ஆச்சி சரியென்றால்தான் கடைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலோடு பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகள் கூடத்தில் இருந்தார்கள். அடுப்பில் வெல்லப் பாயசம். ஆச்சி பாட்டிலைத் திறந்து, மேலே ஒதுங்கும் கெட்டிப் பாலைக் கரண்டியால் வழிக்கப் பார்த்தார். அப்படி எதுவும் ஒதுங்கவில்லை.

"ஏடு ஒதுங்காத பாலு என்ன பாலு? மாவக் கரைச்சு ஊத்தியிருக்க."

வேறு பால் இல்லாததால் திட்டிக்கொண்டே அதைப் பாயசத்தில் ஊற்றினார். சார் கூடத்திலிருந்து எழுந்து சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். ஆச்சி வேண்டாமென்றால் என் நார்க்கூழ் குப்பைக்குப் போகும், பின்னாலேயே நானும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து அயோடின் கேட்டு வாங்கி, மாவென்றால் நீலமாகும் என்று சொல்லி, மீதிப் பாலில் ஒரு சொட்டு விட்டேன். நீலமாகவில்லை. அப்படியானால் என்னதான் போட்டாய் என்றார் ஆச்சி. காகிதம் செய்கிற அதே நார்தான் என்று உளறிவிட்டேன்.

"சாப்பிடுற பொருள்ல காகிதமா?"

"வாழைத்தண்டுல இருக்கிறதும் அதான் லா, ஆச்சி."

சண்டையில் அடுப்பை மறந்துவிட்டோம். தளதளவென்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம். தேங்காய்ப் பால் ஊற்றியதும் அணைக்க வேண்டிய அடுப்பு. கொதித்தால் பாயசம் திரிந்துபோகும். என் நார்க்கூழ் சேர்த்த பாலை நான் கொதிக்கவைத்துப் பார்த்ததே இல்லை.

ஆச்சி அடுப்பை அணைத்துக் கரண்டியால் அள்ளினார். திரியவில்லை. அடிவரை கிண்டி மறுபடி அள்ளினார். வழுவழுவென்று விழுந்தது. ருசி பார்த்தார்.

"கல்யாணமானதுலேருந்து விருந்து வந்தா நா அடுப்புக்குக் காவலு," என்றார் சாரிடம். "இனி நானும் கூடத்துல ஒக்காரலாம். இந்தப் புள்ள போடுறதப் போடட்டும், விடுங்க."

முதல் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு ஊற்றச் சொல்லிச் சாரிடம் கரண்டியை நீட்டினார். பிறகு கூடத்துக்குப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.