சின்னப் போர்

என் தங்கை ஹில்கே ஜனவரியில் இறந்தாள். மார்ச்சில் எனக்குப் பெண் பிறந்தது. எங்கள் ஃபிரீஸ்லாந்துக் கரையில், வீட்டில் போனவரின் பெயர் அடுத்து வரும் பிள்ளைக்குத்தான். வேறு பெயர் வைப்பது போனவளை இரண்டாம் தடவை புதைப்பதற்குச் சமம்.

பெயர்ப்பதிவு அதிகாரி லோய்பிள் தெற்கே மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. நான் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவைத் திறக்கவே இல்லை.

"ஹில்கேங்கிறது பேரே இல்லம்மா. ஹில்டெகார்டைச் சுருக்கி வீட்ல கூப்பிடறது. ஏட்டுல முழுசா எழுதிக்கறேன். நீங்க எப்படி வேணா கூப்பிட்டுக்குங்க."

"என் தங்கச்சி கல்லறையிலயே ஹில்கேன்னுதாங்க வெட்டியிருக்கு."

"ஹில்டுன்னா போர், கார்டுன்னா காவல். ரெண்டும் சேர்ந்தாத்தான் பேரு. நீங்க கேக்கறது பாதி."

"எங்களுக்குப் போர் போதுங்க. எங்க பேச்சுல 'கே'ன்னா சின்னது, சின்னப் போர்னே வச்சுக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமையோட கெடு முடியுது. முழுப்பேரோட வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர் ஐலெர்ட், "விடு கேஷே, ஏட்டுல என்ன இருந்தா என்ன?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பார்க்க ஊரே வந்தது. லோய்பிள் குடியிருந்தது பக்கத்து வீட்டுக் கொல்லர் ஒக்கோவின் மாடியில். அண்டை வீட்டாரை இதற்கு அழைக்காமல் விடுவது எங்களிடம் கன்னத்தில் அறைவதைவிட மோசம். பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தேன். ஒரு கம்பளித் தொப்பியோடு வந்தார், பாவம், யாரையும் தெரியாமல் ஓரமாக நின்றார்.

பிராந்தியில் ஊறிய உலர்திராட்சையைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்போம். குடிக்குமுன் தொட்டிலருகே போய், ஏட்டில் உள்ள தன் பெயரைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டு முறை.

"ஒக்கோ யான்சென்," என்றார் கொல்லர், குடித்தார். அடுத்து லோய்பிள் குனிந்தார்.

"ஹைன்ஸ் லோய்பிள்."

என் காது நிமிர்ந்தது. "முழுப்பேரைச் சொல்லுங்கய்யா."

"இதான் முழுப்பேரு."

"ஹைன்ரிஷைச் சுருக்கி வீட்ல கூப்பிடறதாச்சே?"

"இல்லம்மா, பிறப்புச் சான்றிதழ்லயே ஹைன்ஸ்னுதான்..." என்றவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அப்ப நம்ம ஏட்டுக்காரரும் பாதிதானா?" என்றார் ஒக்கோ. வீடே சிரித்தது. லோய்பிளின் காதுமடல் சிவந்தது.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் வேண்டும். "ஹைன்ரிஷ்னா வீட்டை ஆள்றவன். அதை ஏன்யா உங்கப்பா சுருக்கினாரு?"

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுருக்கலம்மா. ஹைன்ஸ்ங்கிறதே எங்க பெரியப்பா பேரு. நான் பொறக்கறதுக்கு முந்தின வருஷம் போர்ல போயிட்டாரு. அப்பா அந்தப் பேரைத்தான் வைப்பேன்னு அலுவலகத்துல நின்னாராம்."

"எழுதினாங்களா?"

"எழுதினாங்க."

அவர் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "காலைல எட்டு மணிக்கு வாங்க," என்றார்.

ஏழரைக்கே போய் நின்றேன். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார். மை காயும்வரை நகரவில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடற்காற்று முகத்தில் அறைய, நேரே கல்லறைக்கு நடந்தேன். என் தங்கையின் கல்லுக்கு முன்னால் நின்று, ஊர் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"ஜெயிச்சுட்டோம்டி. இவ ஹில்கே."